அயர்லாந்துக்கு இரண்டு நாள் யாத்திரை போகும் நண்பர் குழாங்களுக்கு

இலண்டனிலும் மான்செஸ்டரிலும் பர்மிங்காமிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிற, வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்த கையோடு நாலைந்து பேராகக் கூடி அயர்லாந்துக்குப் போய்த் திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்பிவிடத் திட்டமிடுகிற, அன்பார்ந்த தமிழ் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும்:

உங்களிற் பலருடைய பிரயாணத் திட்டங்களைக் கேட்டு அறிந்திருக்கிறேன். வெள்ளியிரவு டப்ளின் நகரத்து டெம்பிள் பார் வீதியில் கழிகிறது. சனிக்கிழமை காலை ஒரு சுற்றுலாப் பேருந்து உங்களை ஏற்றிக்கொண்டு தீவின் அகலம் முழுவதையும் கடந்து சென்று, அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஓரத்திலே, சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓங்கி நிற்கும் மோஹர் பாறைமுகட்டில் இறக்கிவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் அங்கே நின்று படம் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அதே பேருந்தில் உறங்கிக்கொண்டே டப்ளின் வந்து சேருகிறீர்கள். மிக உயர்ந்த இடத்தில் 214 மீட்டர் எழும்பி நிற்கும் அந்தப் பாறைகளின் காட்சியைக் குறைத்துச் சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. வாழ்வில் ஒரு தடவை பார்க்க வேண்டிய இடம்தான் அது. ஆனால் அந்தப் பேருந்தின் ஜன்னல் வழியே, போகும்போது மூன்று மணி நேரமும் திரும்பும்போது மூன்று மணி நேரமும் நீங்கள் பார்த்தும் பாராமல் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. அந்தத் தேசத்தின் மெய்யான சரித்திரம் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அது அந்த நிலத்தின் வெறுமை. மைல் கணக்காகப் புல்வெளி, புல்வெளியில் மாடுகளும் ஆடுகளும், கல்லடுக்கிய வேலிகள், அங்கங்கே கூரையில்லாமல் நிற்கும் குட்டிச்சுவர்கள், மனிதரை மட்டும் காணோம். இந்த ஏகாந்தத்தைக் கண்டு, ஜனநெருக்கடி மிக்க ஊர்களில் பிறந்த நமக்கு மனம் குளிர்ந்துபோவது இயல்புதான். ஆயினும் இந்த ஏகாந்தம் ஆதிநாளிலிருந்து அங்கே இருந்ததன்று. 1841-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அந்தத் தீவில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அந்தத் தொகை 65 இலட்சமளவுக்குக் குறைந்தது. நூற்றெண்பது ஆண்டுகள் சென்ற பிறகும், வடபகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, பழைய தொகையை அத்தீவு இன்னும் எட்டவில்லை. ஐரோப்பாவிலே வேறெந்தத் தேசமும் தன் ஜனங்களில் இவ்வளவு பெரிய பங்கை இழந்து, இன்றுவரை ஈடுசெய்ய முடியாமல் நிற்பதாக நான் அறியேன். தீவின் நடுவில் ராஸ்காமன் என்றொரு மாவட்டம் உண்டு: 1841-இல் அங்கே இரண்டரை இலட்சம் பேர் இருந்தார்கள், 2022-இல் எண்ணியபோது 70,000-க்குச் சற்று மேற்பட்டவர்களே இருந்தார்கள். உங்கள் இரண்டு நாட்களையும் இந்த ராஸ்காமனுக்குத் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நடந்தது இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் ஏழைக் குடியானவன், தான் விளைவித்த தானியத்தையும் வெண்ணெயையும் பன்றியையும் நிலக்கிழாருக்குக் குத்தகை செலுத்துவதற்காக விற்றுவிட்டு, ஒரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டு அதை மட்டுமே உண்டு உயிர் வாழ்ந்தான். ஜனங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இந்த நிலையில் இருந்தார்கள். 1845-இல் அந்தக் கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கிற்று. நேற்றுவரை பச்சையாக நின்ற செடி கறுத்துக் கருகி, மண்ணுக்குள் இருந்த கிழங்கு அழுகி நாறியது. மறுவருஷம் நோய் மேலும் கடுமையாயிற்று. சுமார் பத்து இலட்சம் பேர் பசியாலும் பசியைத் தொடர்ந்த காய்ச்சலாலும் மாண்டார்கள். பத்து இலட்சத்துக்குக் குறையாதவர்கள் கப்பலேறித் தேசத்தை விட்டே போனார்கள். நோய் இயற்கையின் செயல். ஆனால் அந்த வருஷங்களில் தானியம் ஏற்றிய கப்பல்கள் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து வெளியே சென்றுகொண்டிருந்தது இயற்கையின் செயலன்று. 1847-ஆம் ஆண்டுக் கோடையில் அரசாங்கம் கஞ்சிச் சாலைகளைத் திறந்து நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேருக்கு உணவளித்துக் காட்டியது. காட்டிவிட்டு அவ்வாண்டு முடியுமுன் அவற்றை மூடியும் விட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லையென்று அதே ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். பசித்தவன் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தைத் துறக்க வேண்டும். நிலத்தைத் துறந்தால் குடிசையும் போயிற்று. குட்டிச்சுவர்கள் என்று சற்று முன் குறிப்பிட்டேனே, அவற்றிற் பல இவ்விதம் நேர்ந்தவை.

இனிப் பிரயாணத்தைப் பற்றி. விமானத்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் போகும் வழியையாவது கடல் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் வெள்ளி மாலை ரயிலேறி, வேல்ஸ் நாட்டின் வடகரையை ஒட்டிச் சென்று, ஹோலிஹெட் துறைமுகத்தில் இரவுக் கப்பலைப் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் டப்ளின் வந்துவிடும். ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே சீட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். அயர்லாந்தின் அகதிகள் மேல்தளத்தில் மழையிலும் குளிரிலும் நின்றுகொண்டு லிவர்பூலுக்குப் போன கடல் இதுதான். விடியற்காலையில் அந்தக் கரை மெல்லமெல்ல எழுந்து வருவதைத் தளத்தில் நின்று சிநேகிதர்களோடு பார்ப்பவனுக்கு, அது ஒரு தீவு என்பதும், அதை விட்டுப் போனவர்கள் எதை விட்டுப் போனார்கள் என்பதும் புத்தகமில்லாமலே விளங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. உங்களில் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள், பிரிட்டனில் வேலை விசா இருக்கிறதே, அது போதுமென்று இருந்துவிடக் கூடாது. அயர்லாந்து தனித் தேசம், அதற்குத் தனி விசா வேண்டும், அது வருவதற்கு நாளும் பிடிக்கும். குழுவில் ஒருவருக்கு மட்டும் அது கிடைக்கவில்லையென்றால் மற்றவர்கள் அவரை விட்டுவிட்டுப் போகாமல் யாத்திரையைத் தள்ளிவைத்துக்கொள்வதே சிநேக தர்மம்.

நால்வராகப் போவது உத்தமம். வாடகைக் கார் ஒன்றில் நால்வர் அடங்குவார்கள். நால்வர் இருந்தால் ஒரே பேச்சாக இருக்கும். எட்டுப் பேர் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். மே, ஜூன் மாதங்கள் சிலாக்கியம். ஜூனில் அந்தப் பகுதியில் இரவு பத்து மணி வரையில் சூரிய வெளிச்சம் இருக்கும். மழையங்கி எந்த மாதத்திலும் வேண்டும்.

டப்ளினில் கனோலி நிலையத்திலிருந்து ஸ்லைகோ நகரத்துக்குப் போகும் ரயிலில் சனிக்கிழமை காலை ஏறுங்கள். நகரத்தை விட்டு வெளியேறும்போதே ராயல் கால்வாய் என்னும் நீர்வழி பாதைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். மேனூத், என்ஃபீல்டு ஊர்களைக் கடந்து மல்லிங்கர் வரையில் அது உங்களை விட்டு அதிகம் விலகுவதில்லை. இந்த ரயில் பாதையைப் போட்ட கம்பெனி 1845-இல் கால்வாயையே விலைக்கு வாங்கி அதன் கரையோரமாகத் தண்டவாளம் இட்டதனால் நேர்ந்த சேர்க்கை இது. ஆகவே கால்வாய் தெரியும் பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு, கால்வாயின் கரையிலே ஒற்றையடியாகச் செல்லும் நடைபாதையைப் பாருங்கள். 1847-ஆம் ஆண்டு மே மாதத்தில், ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற ஊரின் பண்ணையிலிருந்து 1,490 ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் டப்ளின் துறைமுகம் வரையில் அந்தப் பாதையில்தான் நடந்து வந்தார்கள். வழியில் எவரும் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பண்ணையின் ஆள் கூடவே வந்தான். டப்ளினிலிருந்து லிவர்பூல், லிவர்பூலிலிருந்து நாலு கப்பல்களில் கனடாவின் கியூபெக். அந்தக் கப்பல்களில் காய்ச்சல் பரவி, கரை காணாமல் கடலில் இறந்தவர்களும், கரை கண்டும் நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்த தீவில் இறந்தவர்களுமாக ஒரு பெரும் பகுதியினர் மடிந்துபோனார்கள். அவர்கள் நடந்த 165 கிலோமீட்டரும் 2019-இல் நடைவழியாக அமைக்கப்பட்டது. வழியில் இடையிடையே குழந்தைகளின் காலணிகளை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள்.

லாங்ஃபோர்டு நிலையத்தில் இறங்கிக் கார் பிடித்தால் அரைமணிப் பொழுதில் ஸ்ட்ரோக்ஸ்டவுன். மிக அகலமான ஒரு வீதியின் கோடியில், பண்ணையாரின் மாளிகையும், அதன் லாயங்களை ஒட்டி 1994-இல் ஏற்பட்ட தேசியப் பஞ்ச மியூசியமும் இருக்கின்றன. பஞ்சத்தைப் பற்றிய ஒரு காட்சிச்சாலை பஞ்சத்துக்குக் காரணமாக இருந்த வீட்டிலேயே அமைந்திருப்பதைப் போன்ற பொருத்தம் வேறெங்கே கிடைக்கும்? பழைய பண்ணையை 1979-இல் விலைக்கு வாங்கிய உள்ளூர்க்காரர் ஒருவர், மாளிகையின் காரியாலய அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்த காகிதங்களைப் புரட்டியபோது, குளூனஹீ என்ற சிற்றூரின் குடியானவர்கள் 1846 ஆகஸ்டில் எழுதிக்கொடுத்த மனு ஒன்றைக் கண்டெடுத்தார். நாங்கள் சோம்பேறிகளல்ல, வேலை கொடுங்கள், எங்கள் பிள்ளைகள் பசியால் அழுவதை இனியும் எங்களால் தாங்க முடியவில்லை என்னும் கருத்தில் அமைந்த அந்த விண்ணப்பத்தைப் படித்த பிறகு, நிலத்தை விற்றுவிடும் யோசனையைக் கைவிட்டு அங்கே காட்சிச்சாலை வைக்க அவர் தீர்மானித்தாராம். மோட்டார் தொழில் செய்து பிழைத்த ஒரு சாமானியர், எந்தச் சர்வகலாசாலையும் செய்யாத காரியத்தைச் செய்திருக்கிறார். அந்த மனுவின் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள்.

பண்ணையின் கணக்குகளும் அங்கே இருக்கின்றன. ஏழையர் விடுதியில் வைத்து ஒரு வருஷம் ஒருவனுக்குச் சோறு போடுவதைக் காட்டிலும் கனடாவுக்குக் கப்பல் கட்டணம் கொடுத்து அனுப்பிவிடுவது மலிவு என்று காரியஸ்தர் கணக்குப் போட்டுக் காட்டினார். மேஜர் டெனிஸ் மேஹன் என்ற பண்ணையார் அதை ஒப்புக்கொண்டார். 1847 நவம்பர் 2-ஆம் தேதி, வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பண்ணையார் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கதையில் கொடியவன் என்று ஒரு தனி மனிதனைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் நிம்மதியடைய முடியாது. மேஹனுடைய கணக்கு பொய்க்கணக்கல்ல, கூட்டல் கழித்தலில் அது சரியாகவே இருந்தது. மனிதரை அந்தக் கணக்கின் ஓர் இனமாகச் சேர்த்ததில்தான் அநியாயம் இருக்கிறது.

அந்தக் காலத்து நிவாரண நிர்வாகத்தைப் பற்றிப் படிக்கும்போது சார்லஸ் ட்ரெவெல்யன் என்ற பெயர் ஓயாமல் வரும். இலண்டன் கஜானா இலாகாவின் துணைக் காரியதரிசியாக இருந்து, அயர்லாந்தின் நிவாரணச் செலவுக்குக் கடிவாளம் பிடித்தவர் இவர். சந்தையின் போக்கில் அரசாங்கம் குறுக்கிடலாகாது என்பதை வேதவாக்காகக் கொண்டவர். இந்தச் சேவைக்காக 1848-இல் சர் பட்டமும் பெற்றவர். அயர்லாந்தின் விளையாட்டு மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிற ஒரு பாட்டிலே, குழந்தைகளுக்காகத் தானியம் திருடி நாடுகடத்தப்படுகிற ஒருவனை அழைத்துப் புலம்பும் பெண்ணின் வாயில் இந்தப் பெயர் இன்றும் வழங்கிவருகிறது. இதே ட்ரெவெல்யன்தான் 1859-இல் சென்னை ராஜதானிக்குக் கவர்னராக வந்தார். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரிய பூங்காவை ஏற்படுத்தியவர் அவரே. இன்றைய மை லேடீஸ் பூங்கா அதன் மிச்சம். கல்கத்தாவிலிருந்து வந்த புது வரித் திட்டம் இந்த ஜனங்களுக்குத் தாங்காதென்று பகிரங்கமாக எதிர்த்து எழுதி, அதனால் 1860-இல் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டவரும் அவரே. நம் பாட்டனார்களுக்கு நல்லவராக நடந்தவர் அயர்லாந்துக்காரனுடைய பாட்டனாருக்கு எமனாக விளங்கினார் என்பதை என் மனத்தில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க நெடுநாள் பிரயாசைப்பட்டேன். இரக்கமுள்ள ஒருவரும் ஒரு சித்தாந்தத்தைப் பற்றிக்கொண்டால் கண் முன்னே நடக்கிற சாவு அவருக்குத் தெரியாமற்போகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சித்தாந்தம் ட்ரெவெல்யனோடு போய்விடவும் இல்லை. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை ராஜதானிக்கு வந்து, நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியக் கூலி போதுமென்று குறைத்தபோது, அதே குரல்தான் பேசிற்று. அயர்லாந்தின் மலைகளில் எந்த ஊருக்கும் போகாமல் பாதியில் நின்றுபோகிற பஞ்சகாலச் சாலைகளைக் காட்டுவார்கள்; சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துப் பக்கிங்காம் கால்வாயை வெட்டியதும் பஞ்ச நிவாரண வேலையே.

நண்பர்களோடு சந்தோஷமாக இரண்டு நாள் இருந்துவரப் போகிறவர்களை இப்படிச் சாவுக்கும் பஞ்சத்துக்கும் நடுவே இழுத்துச் செல்லலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. இதற்கு வாதத்தால் விடை சொல்வதைக் காட்டிலும் நான் கண்டதைச் சொல்லுவது நலம். அந்த மியூசியத்துக்கு நானும் சில சிநேகிதர்களும் போயிருந்தபோது, எங்களில் ஒருவர், சேலம் பக்கத்துக்காரர், எப்போதும் கலகலப்பாகப் பேசுபவர், பஞ்சகாலத்துக் கஞ்சிக் கொப்பரை ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிற்பாடு தேநீர் அருந்த உட்கார்ந்தபோது, தாது வருஷத்தில் தம் முன்னோர்கள் கஞ்சித்தொட்டிக்குப் போன கதையை, அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த விதமாகவே எங்களுக்குச் சொன்னார். வரிசையில் நின்ற அண்ணன் தம்பி இருவரில் தம்பி மட்டும் வீடு வந்து சேர்ந்தானாம், அவனுடைய வம்சம்தான் இவருடையது. பல வருஷங்களாகப் பழகியும் அவர் இதை எங்களிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு நாங்கள் இடம் கொடுத்ததும் இல்லை. அன்றைக்கு எங்களுக்குள் ஏற்பட்ட நெருக்கம் எத்தனையோ விருந்துகளில் ஏற்படாதது. துக்கத்தைச் சேர்ந்து தெரிந்துகொள்வது சந்தோஷத்துக்கு இடையூறென்று நான் நினைக்கவில்லை. அன்றைய மாலையில் நாங்கள் சிரித்த சிரிப்பும் குறைவில்லை.

ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து வடக்கே ஒரு மணிக்கும் குறைந்த பிரயாணத்தில் பாயில் என்னும் சிறு பட்டணம் இருக்கிறது. இரவு தங்க இந்த ஊரைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்டர்சியத் துறவிகள் கட்டிய மடாலயம் ஆற்றங்கரையில் கூரையில்லாமல் கம்பீரமாக நிற்கிறது. சாயங்கால வெயிலில் அதன் வளைவுகளைப் பார்க்க வேண்டும். ஆனால் தமிழர்களாகிய நாம் இந்த ஊருக்குப் போக வேறொரு முகாந்தரம் இருக்கிறது. மார்கரெட் கஸின்ஸ் பிறந்த ஊர் இதுவே. 1878-இல் இங்கே பிறந்து, டப்ளினில் சங்கீதம் பயின்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு இலண்டனிலும் அயர்லாந்திலும் சிறை சென்று, 1915-இல் கணவரோடு இந்தியாவுக்கு வந்த இந்த அம்மையார், 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1919-இல் மதனப்பள்ளியில் ‘ஜன கண மன’ கீதத்துக்கு ஸ்வரம் எழுதிவைத்தவர். 1932-இல் அடக்குமுறைச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக வேலூர்ச் சிறையில் இருந்தவர். சென்னை ராஜதானியில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்ததே, இந்தியாவில் மற்ற மாகாணங்களுக்கு முந்தி, அதற்காக உழைத்தவர்களில் இவர் பெயரை முன்வரிசையில் வைக்க வேண்டும். 1954-இல் அடையாற்றிலேயே காலமானார். உங்கள் பாட்டிமார் ஓட்டுப் போட்டதில் இந்தச் சிறு பட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அதே ஊரில் கிங் மாளிகை என்ற பழைய கட்டடம் ஒன்று, நெடுங்காலம் கானாட் ரேஞ்சர்ஸ் என்னும் படைப்பிரிவின் பாசறையாக இருந்து, இப்போது காட்சிச்சாலையாக இருக்கிறது. வறுமையால் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, நம்மை அடக்கி வைப்பதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஐரிஷ் இளைஞர்கள் இவர்கள். 1920 ஜூனில், தங்கள் சொந்த ஊர்களில் அரசாங்கப் படையினர் செய்யும் அட்டூழியங்களைக் கேள்வியுற்று, ஜலந்தரில் இருந்த இப்படையினர் ஆயுதம் ஏந்த மறுத்தார்கள். கிளர்ச்சி சோலனுக்கும் பரவிற்று. ஜேம்ஸ் டேலி என்ற இளைஞன் அதற்காக நவம்பர் 2-ஆம் தேதி நம் இமயமலைச் சாரலில் சுட்டுக் கொல்லப்பட்டான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1970-இல்தான் அவன் அஸ்தி தாய்நாடு திரும்பிற்று. ஒரே ஊர் நம்மை அடக்க ஒரு படையையும் விடுவிக்க ஓர் அம்மையாரையும் அனுப்பியிருக்கிறது.

சனிக்கிழமை இரவைப் பற்றி ஒரு வார்த்தை. மதுக்கடைக்குள் போகவே கூடாதென்று உபதேசிக்க நான் வரவில்லை. அந்தத் தேசத்தில் மதுக்கடை என்பது ஊர்ச்சாவடியும் பாட்டுக் கச்சேரி மண்டபமுமாகச் சேர்ந்தது. குடியாதவர்களும் தேநீரோ எலுமிச்சைப் பானமோ வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஆனால் குடித்துக் கூச்சலிடும் கூட்டமாக நுழைந்தால் பாட்டு நின்றுவிடும். பாயிலைச் சுற்றிய வட்டாரமும் பக்கத்துத் தென் ஸ்லைகோவும் பிடிலுக்கும் புல்லாங்குழலுக்கும் பெயர்பெற்ற சீமை. ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, மேடையும் இல்லாமல் அறிவிப்பும் இல்லாமல், ஒருவர் தொடங்கின மெட்டை மற்றவர்கள் பிடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டே போவார்கள். இந்த வட்டாரத்தில் கிலாவில் என்ற கிராமத்தில் 1891-இல் பிறந்த மைக்கேல் கோல்மன் என்னும் பிடில் வித்துவான், பிழைப்புத் தேடி 1914-இல் நியூயார்க்குக்குப் போனார். அங்கே அவர் வாசித்துப் பதிவான இசைத்தட்டுகளை, புலம்பெயர்ந்தவர்கள் வாங்கித் தங்கள் ஊர்களில் இருந்த பெற்றோருக்கு அனுப்பினார்கள். அந்தத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டே இங்கிருந்தவர்கள் மறந்துபோகவிருந்த மெட்டுகளைத் திரும்பக் கற்றார்கள். வெளியே துரத்தப்பட்டவர்களின் சந்ததி, வேற்றூரிலிருந்து தன் தாயகத்துக்கு அதன் சங்கீதத்தையே அனுப்பிவைத்தது. கடல் கடந்து வாழும் உங்களுக்கு இதைப் பற்றி நான் மேலே விஸ்தரிக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, மரக்கறிக்காரர்களுக்கும் அந்தப் பக்கத்துச் சோடா ரொட்டியும் வெண்ணெயும், துருவிய உருளைக்கிழங்கில் தோசைபோல வார்க்கும் பாக்ஸ்டியும் உண்டு. நல்ல கெட்டித் தேநீர் எங்கும் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, பாயில் நிலையத்திலேயே டப்ளின் ரயிலில் ஏறி, நேராகப் போய்விடாமல் மேனூத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ராயல் கால்வாயின் கரையோடு கிழக்கே, லேக்ஸ்லிப் ஊரின் லூயிசா பாலம் நிலையம் வரையில், இரண்டு மணி நேர நடை. சமதரை, எவரும் நடக்கலாம். நடக்கும்போது அந்த 1,490 பேரைப் பற்றிப் பேசினாலும் சரி, உங்கள் உத்தியோகக் கவலைகளைப் பேசினாலும் சரி. கால் அந்தப் பாதையை அறிந்தால் போதும். பிறகு மறுபடியும் ரயிலேறி டப்ளின் வந்து, லிஃபி நதியின் வடகரையில் கஸ்டம்ஸ் மாளிகைத் துறைக்கு நடந்து போங்கள். அங்கே, ரோவன் கில்லெஸ்பி என்ற சிற்பி 1997-இல் வார்த்த வெண்கல உருவங்கள், எலும்பும் தோலுமாக, மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு துறையை நோக்கி நடந்து செல்கின்றன. இதே சிற்பி செய்த மற்றொரு தொகுதி 2007-இல் கனடாவின் டொராண்டோ நகரத்துத் துறையில் வைக்கப்பட்டது. போய்ச் சேர்ந்தவர்கள் அங்கே இறங்கி நிற்கிறார்கள். சுற்றிலும் வங்கிகளும் கண்ணாடிக் கட்டடங்களுமாக இருக்கும் அந்த இடத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் அந்த உருவங்களுக்கு இடையே வழி விட்டு நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். வளம் பெற்ற அந்தத் தேசம் தன் பசியை மறைத்துவிடாமல் தன் வியாபார வீதியின் நடுவிலேயே நிறுத்தி வைத்திருப்பது எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்குகிறது. தாது வருஷத்தில் மடிந்த இலட்சோப இலட்சம் பேருக்காக நம் சென்னையில் இப்படி ஒரு சிற்பம் எழுப்பப்படவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. உங்களைப் போன்றவர்கள் நினைத்தால் நடக்கும்.

திரும்புவதற்கு ஞாயிறு இரவு விமானமே வசதி. மியூசியம் திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பாயிலில் விடுதி அறைகள் குறைவு, ஒரு மாதம் முன்னதாகவே பதிவு செய்யவேண்டும். ஒரு விண்ணப்பம் மாத்திரம். நால்வரும் புறப்படுமுன், ஒருவர் கிழங்கு நோயையும் நிவாரணச் சட்டங்களையும், ஒருவர் ட்ரெவெல்யனையும் சென்னையையும், ஒருவர் மார்கரெட் கஸின்ஸையும், ஒருவர் கானாட் ரேஞ்சர்ஸையும் படித்துவைத்துக்கொள்ளுங்கள். டப்ளினிலிருந்து லாங்ஃபோர்டு போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும், ஆளுக்கு அரைமணி பேசலாம். போய்வந்த பிறகு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தாது வருஷத்து நினைவுகள் உங்கள் குடும்பங்களில் ஏதேனும் வழங்கிவந்தால், பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடு அதையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து அச்சிடும் எண்ணம் எனக்கு உண்டு.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஒரு மூத்த சிநேகிதன்